காட்டியதையும் பார்க்கிறது, காட்டாததையும் பார்க்கிறது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பேச்சு வராத குழந்தையிடம் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் அதன் கண்ணையும் கையையும் கவனிக்கிறார்கள். எதை வெகுநேரம் பார்க்கிறது, எதை எட்டிப் பிடிக்கிறது, பிடித்ததை என்ன செய்கிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பதில்.

2015-இல் ஏமி ஸ்டால், லீசா ஃபெய்கன்சன் இருவரும் 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு சின்ன வித்தை காட்டினார்கள். சரிவில் உருண்டு வரும் பந்து, கெட்டியான சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டதுபோல் தெரியும். பிறகு பந்தைக் கையில் கொடுத்தால், குழந்தை அதை மேசையில் தட்டித் தட்டிப் பார்த்தது. இன்னொரு கூட்டத்துக்குப் பொருள் அந்தரத்தில் நிற்பதுபோல் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பக் கீழே போட்டன. கெட்டியானதா என்று சந்தேகம் வந்தால் தட்டல்; விழுமா என்று சந்தேகம் வந்தால் போடல். எல்லாவற்றையும் கீழே போட்டுத் தொலைக்கிறது என்று அலுத்துக்கொள்கிறோமே, அதில் கொஞ்சமாவது சோதனையாக இருக்கக்கூடும்.

பொருளை மட்டுமல்ல, நம்மையும் அது சோதிக்கிறது. 2002-இல் கெர்கெய் குழுவினர் 14 மாதக் குழந்தைகள் முன்னால், ஒருவர் நெற்றியால் அழுத்தி விளக்கை எரியவைப்பதைக் காட்டினார்கள். அவர் கைகள் சும்மா இருந்தபோது 69 விழுக்காடு குழந்தைகள் தாமும் நெற்றியால் அழுத்தின. குளிருக்குப் போர்வையை இரு கைகளாலும் பிடித்திருந்தபோது 21 விழுக்காடுதான். குழந்தையின் யோசனை இப்படிப் போயிருக்கலாம்: கை வேலையாக இருந்ததால் நெற்றி. நமக்கென்ன, கை இருக்கிறதே! கை சும்மா இருந்தும் நெற்றியை உபயோகித்தார் என்றால் ஏதோ காரணம் இருக்கும். பேச்சுகூடச் சரியாக வராத வயதில் இவ்வளவு கணக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஆய்வைக் கேளுங்கள். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். போனவிட்ஸ், ஷுல்ஸ் முதலியோர் 2011-இல் வெளியிட்டது. குழாய்களால் ஆன ஒரு புதுப் பொம்மை. ஒன்றை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். அதுபோக வெளிச்சம், இசை, கண்ணாடி என்று வேறு வித்தைகளும் அதில் ஒளிந்திருக்கின்றன. பள்ளி சேரும் வயதுக்கு முந்திய குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், "இது எப்படி வேலை செய்கிறது பார்" என்று ஆசிரியர்போல இழுத்துக் காட்டினார்கள். இன்னொரு பிரிவினர்முன் தற்செயலாக இழுபட்டதுபோல நடித்தார்கள். சத்தம் ஒன்றுதான், செயலும் ஒன்றுதான். ஆனால் சொல்லிக்கொடுக்கப்பட்ட குழந்தைகள் குறைவான நேரமே விளையாடின. மற்ற வித்தைகளையும் குறைவாகவே கண்டுபிடித்தன.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடும் என்று இதற்குப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். விவரம் தெரிந்தவர் ஒன்றை மட்டும் காட்டினால், காட்ட வேறொன்றும் இல்லை என்று முடிவுகட்டுவது நியாயமான கணிப்பு. நெற்றி விளக்கில் பார்த்த அதே கணக்குதான். காட்டியதை அந்தப் பிள்ளைகள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். நெருப்பையும் கத்தியையும் பற்றிச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். அங்கே தேடல் குறைவது லாபம்.

அப்படியானால் பொம்மையைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாமா? கூடாது. பாட்ரிஷியா குல் 2003-இல், ஆங்கிலம் பேசும் வீட்டு 9 மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீனத்தைக் கேட்கவைத்தார். நேரில் ஆள் உட்கார்ந்து 12 அமர்வுகள் பேசி விளையாடியபோது, அம்மொழியின் ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன. அதையே தொலைக்காட்சியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. 2018-இல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்ததும் இந்தத் திசையில்தான்: பெரியவர் கொட்டும் சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் பிள்ளையும் மாறிமாறிப் பேசிய தடவைகள்தான் மூளையின் மொழிப் பகுதி இயங்குவதோடு அதிகம் ஒத்துப்போயின. 36 பிள்ளைகள்தான்; ஒத்துப்போவது வேறு, காரணமாவது வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆக, புதுப்பொருள் கைக்கு வந்ததும் உடனே விளக்க ஆரம்பிக்காதீர்கள். காட்டியே ஆகவேண்டும் என்றால், "இன்னும் என்னென்ன செய்யுமோ, எனக்கே தெரியாது" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் குழந்தை தானாக ஒன்றை நோக்கி விரல் நீட்டினால் தாமதிக்கவேண்டாம், பெயரைச் சொல்லிவிடுங்கள். முதலில் விரலால் சுட்டிய பொருள்கள் பலவற்றின் பெயர்கள் பிறகு பேச்சில் வருகின்றன என்று ஐவர்சனும் கோல்டின்-மெடோவும் 2005-இல் எழுதியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.