அப்டேட் போட்டதும் மானிட்டர் கறுத்துவிட்டதா? டிரைவரைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம். எனக்குப் பின்னால் ஒரு மானிட்டர் எரிகிறது, தெரிகிறதா? 27 அங்குலம். இரண்டு நாளாக அது "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி காட்டும், உடனே அணைந்துவிடும். இரண்டு நாளுக்கு முன் ராத்திரி சிஸ்டம் அப்டேட் ஓடவிட்டுப் படுத்தேன், காலையில் இந்த நிலை. இப்போது டாக்கை, அதாவது லேப்டாப்போடு மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டியை, விட்டுவிட்டு, லேப்டாப்பிலிருந்து நேராக ஒரு கேபிளை இழுத்து எரியவைத்திருக்கிறேன். அந்த டாக்குக்கான புது டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அது முடிவதற்குள் உங்களிடம் பேசிவிடலாம் என்று கேமராவை ஆன் செய்துவிட்டேன்.

அந்த இரண்டு நாளில் கிராஃபிக்ஸ் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், அதற்கும் முந்தைய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் கிராஃபிக்ஸ் டிரைவரில் ஒரு கோளாறும் இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் அந்த இரண்டு நாளும் மிச்சம். அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

சோதனை இதுதான். டாக், ஹப், அடாப்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கு ஒரே கேபிள், நேராக. பிறகு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு மானிட்டரையே பாருங்கள். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது தயாரித்த கம்பெனியின் லோகோ ஒன்று வரும் இல்லையா? அதை வரைவது விண்டோஸோ லினக்ஸோ இல்லை. அவை ஏறுவதற்கு முன்பே போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள் வரைகிறது. அப்டேட் மாற்றிய எதுவும் பெரும்பாலும் அந்த நொடியில் இன்னும் வேலைக்கு வந்திருக்காது. ஆகவே லோகோ மானிட்டரில் தெரிந்து, அதற்குப் பிறகு திரை கறுத்தால் கேபிள் நல்ல கேபிள், போர்ட் நல்ல போர்ட், மானிட்டரும் நல்ல மானிட்டர். பெரும்பாலும் சிக்கல் சிஸ்டத்தின் பக்கம்தான். புது கேபிள் வாங்க ஓட வேண்டாம்.

லோகோ தெரியவில்லை என்றால் மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பல லேப்டாப்கள் லோகோவைத் தன் சொந்தத் திரையில் மட்டுமே காட்டும். சிலவற்றில் மூடியைச் சாத்திவிட்டால் வெளி மானிட்டருக்கு வரும். அதையும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் வரவில்லையா? அதே மானிட்டரில் வேறு ஏதாவது ஒரு கருவியை மாட்டிப் பாருங்கள், சந்தேகம் தீரும்.

ரீஸ்டார்ட் என்று சொன்னேன், ஷட் டவுன் என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகி இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் உள்பகுதியும் டிரைவர்களும் அப்படியே டிஸ்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதே நிலையில் எழும். குழப்பமும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். "நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகவில்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம் மானிட்டருக்கும் ஒரு ரீஸ்டார்ட் வேண்டும். பட்டனில் அணைத்தால் போதாது. மின்சார பிளக்கைப் பிடுங்கி, வீடியோ கேபிளையும் கழற்றி, ஒரு நிமிடம் விடுங்கள். ஏன் என்று கேட்டால், இந்த விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் சொல்கிறேன். மானிட்டருக்குள் ஒரு சின்ன சிப்பில் அதன் ஜாதகம் இருக்கிறது. பெயர் இன்னது, இந்த ரெசல்யூஷன் தாங்குவேன், இத்தனை ஹெர்ட்ஸ் ஓடுவேன் என்ற விவரம். இடிஐடி என்பார்கள். அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் 19ஆம் பின் வழியாக "நான் வந்துவிட்டேன்" என்று மானிட்டர் குரல் கொடுக்கும். கம்ப்யூட்டர் அந்த ஜாதகத்தைக் கேட்டு வாங்கி, அதற்கு ஏற்ற படத்தை அனுப்பும். அப்டேட்டின்போது கம்ப்யூட்டர் இரண்டு மூன்று முறை எழுந்து படுக்கும். அந்த நேரத்தில் மானிட்டர் தூக்கத்தில் சிக்கிக்கொண்டு சரியாகப் பதில் சொல்லாவிட்டால், பேச்சே நின்றுபோகும். மின்சாரத்தை முழுதாக எடுத்தால் இரண்டும் முதலிலிருந்து பேசிக்கொள்ளும். இவ்வளவு எளிய வைத்தியம் உண்மையிலேயே பல மானிட்டர்களை மீட்டுவிடும்.

சரி, லோகோ தெரிந்து, பிறகு கறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் என்றால் முதலில் விண்டோஸ் கீயும் பி-யும் (P). எந்தத் திரையில் படம் வர வேண்டும் என்ற பட்டியல் வரும். "எக்ஸ்டெண்ட்" தேர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அது "பிசி ஸ்க்ரீன் ஒன்லி" என்று மாறிக் கிடக்கலாம். அடுத்து விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B). நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இந்த பி ஆங்கிலத்தில் இரண்டாவது எழுத்து, முன்பு சொன்ன பி வேறு. திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். திறந்திருக்கும் வேலை எதுவும் போகாது.

அதிலும் வரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரியுங்கள். உங்கள் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயருக்குப் பதிலாக "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது. சரியான டிரைவர் ஏறவில்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு உள்ள டிரைவரை எடுத்துப் போடுங்கள். பெயர் சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், அதே இடத்தில் பிராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக். அந்தப் பட்டன் மங்கிக் கிடந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று பொருள். பெரிய பதிப்பு அப்டேட்டாக இருந்தால் ரெக்கவரி பக்கத்தில் "கோ பேக்" இருக்கும். வழக்கமாக 10 நாள்தான் அதற்கு ஆயுள். அதற்குள் இடம் பத்தவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள், திரும்பும் வழியே அதுதான்.

மேக் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பக்கத்துக்குப் போய் ஆப்ஷன் கீயை அழுத்திப் பிடியுங்கள். "டிடெக்ட் டிஸ்ப்ளேஸ்" என்று ஒரு பட்டன் தலைகாட்டும். லினக்ஸ் என்றால், கம்ப்யூட்டர் எழும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலை, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியின் முந்தைய பதிப்பை, தேர்ந்து ஏறிப் பாருங்கள். அதில் மானிட்டர் வந்தால், புதுக் கெர்னலுக்கும் கிராஃபிக்ஸ் டிரைவருக்கும் இன்னும் பொருந்தவில்லை. தனியாகப் போட்ட டிரைவர் என்றால் அதைப் புதுக் கெர்னலுக்காக மறுபடி உருவாக்க வேண்டியிருக்கலாம்.

படம் வருகிறது, ஆனால் ஏதோ சரியில்லை என்பது இன்னொரு வகை. மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்கிறதா? ரிஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு, 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் பார்த்து 60க்கு ஏற்றுங்கள். 60 என்ற தேர்வே அங்கு இல்லையென்றால் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, 2.0 இருந்தால்தான் 60. நிறம் சாம்பல் பூசியது போல வெளுத்திருந்தால் கிராஃபிக்ஸ் செட்டிங்ஸில் கலர் ரேஞ்ச் "லிமிடெட்" ஆகியிருக்கும். அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 0 முதல் 255 வரை போக வேண்டிய அளவு 16 முதல் 235க்குள் சுருங்கி வருகிறது. "ஃபுல்" என்று மாற்றுங்கள். எழுத்து மங்கல் என்றால் மானிட்டரின் சொந்த ரெசல்யூஷனில் ஓடுகிறதா பாருங்கள், பிறகு எழுத்தின் அளவை மாற்றும் ஸ்கேலிங்கையும் பாருங்கள்.

இனி என் டாக். நேரான கேபிளில் லோகோவும் வந்தது, டெஸ்க்டாப்பும் வந்தது. டாக் வழியாக இரண்டும் இல்லை. டாக்கில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் லேப்டாப்பின் வீடியோ சிக்னலை யுஎஸ்பி-சி வழியாக அப்படியே கடத்திவிடும். அதற்குத் தனி டிரைவர் வேண்டாம். இன்னொரு ரகம், படத்தை ஒரு மென்பொருள் சுருக்கி யுஎஸ்பி டேட்டாவாக அனுப்ப, டாக்கில் இருக்கும் சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கும். அந்த மென்பொருள் அப்டேட்டோடு ஒத்துப்போகாவிட்டால் படமே கிடையாது. ஆனால் டாக்கில் மாட்டிய கீபோர்டும் மவுஸும் ஒழுங்காக வேலை செய்யும். அதனால்தான் டாக் மேல் சந்தேகமே வராது. என் டாக்கும் இந்த ரகம்தான், எனக்கும் வரவில்லை. மேக்கில் இந்த ரக டாக் என்றால் ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுமதி அப்டேட்டுக்குப் பிறகும் ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அந்த மென்பொருளால் படத்தை எடுக்க முடியாது.

டிரைவர் இறங்கிவிட்டது. இன்ஸ்டால் கொடுத்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்துவிட்டு வருகிறேன், கேமரா ஓடட்டும்.

ஆயிற்று. இப்போது நேர் கேபிளைக் கழற்றுகிறேன். மானிட்டர் அணைந்துவிட்டது, பாருங்கள். அதே கேபிளை டாக்கில் செருகி, டாக்கை லேப்டாப்பில் மாட்டுகிறேன். கொஞ்சம் நேரம் எடுக்கும்... லேப்டாப் திரை ஒருமுறை மினுக்கியது. நல்லது. மானிட்டரில் விளக்கு நீலமாகிவிட்டது... வந்துவிட்டது. 60 ஹெர்ட்ஸ் தானா என்று மட்டும் பார்த்துவிடுகிறேன். ஆமாம், 60.