நின்று சுடும்போது ஜாக்கெட் செய்யும் வேலை
அனைவருக்கும் வணக்கம். டர்பனில், சாட்ஸ்வர்த்திலுள்ள எங்கள் வீட்டிலிருந்து பேசுகிறேன். ரைஃபிள் பழக வரும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது, சுடும்போது அணியும் விறைப்பான ஜாக்கெட் வாங்கினால் போட்டியில் மதிப்பெண் கூடுமா என்பதைத்தான். கூடும். ஆனால் எதனால் கூடுகிறது என்பதை அறியாமல் வாங்கினால் பணம்தான் வீணாகும்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து மதிப்பெண் கிடைக்கும் என்பதால், குண்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டர் வரை விலகலாம். குறிபார்க்க ரைஃபிளின் முன்னும் பின்னும் பொருத்தியிருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், முன்குறி வெறும் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தாலே பத்து கைநழுவிவிடும். இந்த நிதானத்தை ஒரு போட்டியில் 75 நிமிடங்களில் 60 முறை காக்க வேண்டும்.

வலக்கையால் சுடுபவர் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, ரைஃபிளின் எடையை ஈடுகட்ட முதுகைப் பின்னோக்கி வளைத்து நிற்கிறார். ஜாக்கெட் இல்லாதபோது அந்த வளைவைக் கீழ்முதுகுத் தசைகளே பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால், அவை களைத்து நடுங்கத் தொடங்குகின்றன. அந்த நடுக்கம் குழல் முனைவரை செல்கிறது. விறைப்பான கேன்வாஸும் தோலும் அந்தச் சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதோடு, நாடித்துடிப்பு ரைஃபிளுக்குச் செல்வதையும் குறைக்கின்றன.

இதோ, என் ஜாக்கெட்டின் இடுப்புப் பகுதியைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். ஐந்து ரேண்ட் நாணயம் அளவுக்கு ஓரிடம் மட்டும் வெளுத்திருக்கிறது, பாருங்கள். ஒவ்வொரு முறையும் முழங்கை அதே இடத்தில் அமர்ந்ததன் தடம் அது. என் பழைய ஜாக்கெட்டில் இந்த வெளுப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அதாவது, அன்று நான் நின்ற நிலை ஒவ்வொரு குண்டுக்கும் மாறிக்கொண்டே இருந்தது. அதை எந்த ஜாக்கெட்டாலும் சரிசெய்ய முடியாது.

அந்தப் பழைய ஜாக்கெட்டை நான் பிறரிடமிருந்து வாங்கினேன். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நம்பினேன். பன்னாட்டு விதிப்படி துணியின் தடிப்பு 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஜாக்கெட் இறுக்கமாக இல்லை என்று காட்ட, அதன் இரு முன்பக்கங்களும் பொத்தான் போடும் இடத்திலிருந்து இன்னும் 70 மில்லிமீட்டராவது ஒன்றன்மேல் ஒன்றாக இழுக்க வரவேண்டும். ஒரு போட்டியின் உபகரணச் சோதனையில் என்னுடையது அந்த அளவுக்கு வரவில்லை. அதனால் ஜாக்கெட் இல்லாமலே சுட்டேன். கடைசி இருபது குண்டுகளில் முதுகு முற்றிலும் தளர்ந்துவிட்டது. அந்த வலி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜனவரி மாதத்து ஈரக்காற்றிலும் வியர்வையிலும் கேன்வாஸ் இளகிவிடுகிறது. ஜொகன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் அதே ஜாக்கெட் பலகைபோல் விறைத்து நிற்கிறது. ஆகவே பயிற்சி முடிந்ததும் அதைப் பையில் திணிக்காமல் நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். அடுத்த முறை அணிந்ததும் ரைஃபிளை ஏந்தி, கண்களை மூடி, மூச்சை விட்டுப் பின் கண்களைத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுக்காதீர்கள், பாதங்களை நகர்த்துங்கள்.