கல்லூரி மூடிய வருஷமும் ஒரு மாணவியர் சங்கமும்

(மகளிர் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவியரிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்வர் அவர்களே, பேராசிரியர்களே, சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கத்தையும் மீறி உட்கார்ந்திருக்கும் மாணவியரே, வணக்கம்.

2020 ஆகஸ்ட் 19. அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில், கொரோனாவால் கிட்டத்தட்டக் காலியாகக் கிடந்த ஓர் அரங்கில், துணை அதிபர் வேட்பாளராக நின்று பேசினார் கமலா ஹாரிஸ். தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கும்போது சித்திகளையும் சேர்த்துக்கொண்டார். நமக்கு அது போதாதா? அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் போஸ்டர் ஒட்டிவிட்டோம். ஆனால் அதற்கு இரண்டு வாக்கியம் தள்ளி, கல்லூரியில் தான் சேர்ந்த மாணவியர் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் என் குடும்பம்தான் என்றார். அது நம் காதில் விழவில்லை. விழவேண்டியவர்கள் காதில் விழுந்தது. தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்ட், இன்னொருவரிடமிருந்து 19 டாலர் 8 சென்ட் என்று வரத் தொடங்கியது. அது என்ன கணக்கு என்றால், அந்தச் சங்கம் பிறந்த வருஷம் 1908.

அமெரிக்கக் கல்லூரிகளில் சொராரிட்டி என்று மாணவியர் சங்கங்கள் உண்டு. கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துக்கொள்வார்கள். சினிமாவில் பார்த்திருப்பீர்கள்: பெரிய பங்களா, பார்ட்டி, ஒரே மாதிரி உடை. அது ஒரு பக்கம். கறுப்பினப் பெண்களின் சங்கங்கள் வேறு வழியில் வந்தவை. வாஷிங்டன் நகரத்து ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், 1908 ஜனவரி 15 அன்று தொடங்கியது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. அடிமை முறை ஒழிந்து அப்போது அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அதிலிருந்து பிரிந்த 22 மாணவிகள் 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள், மார்ச் 3 அன்று, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட ஊர்வலத்தில் போய் நின்றார்கள். சங்கம் வைத்ததும் செய்த முதல் வேலையே அதுதான்.

இந்தச் சங்கங்களில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பட்டம் வாங்கியதும் உறுப்பினர் பதவி முடிந்துவிடாது. கல்லூரியில் மாணவியர் கிளை இருக்கும். ஊரில் பட்டதாரிகளின் கிளை இருக்கும். டீச்சர், நர்ஸ், வக்கீல், ஓய்வு பெற்ற பாட்டி எல்லாரும் அதில் இருப்பார்கள். மாணவியர் கிளைக்கு வழிகாட்டும் பொறுப்பும் அவர்களுடையது. சந்தா, கூட்டம், சேவை எல்லாம் ஆயுள் முழுக்கத் தொடரும். உங்கள் நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருஷம், 240 மணி நேரம், ஒரு சான்றிதழ். அப்புறம் வாட்ஸாப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து. குறை சொல்லவில்லை, வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடின. மாணவிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு மாநிலத்துக்குப் போனார்கள். நேரடிக் கூட்டங்களைச் சங்கங்கள் நிறுத்தின. ஆட்டம், பாட்டம், புதிய உறுப்பினர் அறிமுகம் என்று வளாகத்தில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் போயிற்று. அந்தச் செப்டம்பரில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கூட்டமாகத் தங்கும் சங்க வீடுகளில் தொற்று பரவி, வீடுகளை மூடச் சொல்லும் நிலை வந்தது. கறுப்பினச் சங்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிப் பங்களாக்களே கிடையாது. இல்லாமை என்றைக்காவது லாபமாக முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்!

சரி, செய்ய என்ன மிச்சம் இருந்தது? ஒரு முதுகுப்பையைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவிலும் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டை நம்பி இருக்கும் குழந்தைகள் கோடிக்கணக்கில் உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டால், அடுத்து நிச்சயமான சாப்பாடு திங்கட்கிழமைதான். இடையில் இரண்டு நாள். அதற்காகப் பைகளில் உணவு நிரப்பிக் குழந்தைகளிடம் கொடுத்தனுப்பும் திட்டத்தை ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா முன்பே தொடங்கியிருந்தது. அப்போதைய அகில உலகத் தலைவர் கிளெண்டா குளோவர்; டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் அப்போது அவரே இருந்தார். இந்த மாதிரிப் பைகளில் என்ன வைப்பது என்பதற்கே ஒரு யோசனை வேண்டும். அம்மா வேலைக்குப் போயிருப்பாள். ஏழு வயதுப் பிள்ளை அடுப்பைத் தொடக்கூடாது. அதனால் கையால் பிரித்து அப்படியே சாப்பிடக்கூடிய சாமான்தான் சரிப்படும். பள்ளிகளே மூடிய பிறகு நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டு நாள் பசி வாரம் முழுக்கப் பசியாயிற்று. சேவையைக் கொரோனா வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்திருந்தால் காலம் கடந்திருக்கும். பை ஏற்கெனவே தைத்து வைத்திருந்தது.

பணமும் திரட்டினார்கள். கறுப்பினத்தவருக்காக உருவான கல்லூரிகளுக்கென்று 2020 செப்டம்பரில் ஒரே நாளில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நவம்பரில் தேர்தல்; முன்கூட்டியே ஓட்டுப் போடுவது அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. கூடி நிற்கக்கூடாத காலம், ஆனால் ஓட்டுப் போட ஆள் வரவேண்டும். அட்லாண்டாவில் இந்தச் சங்கங்களின் பெண்கள் முகக்கவசத்தோடு, தங்கள் சங்கத்துக்கே உரிய நடை நடனத்தை ஆடிக்கொண்டே வாக்குச்சாவடிக்குப் போனார்கள். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பார்த்திராவிட்டால் தேடிப் பாருங்கள்.

எல்லாமே பொன் என்று சொல்லமாட்டேன். இந்தச் சங்கங்களில் சேரப் பணம் வேண்டும், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் சம்மதம் வேண்டும். அந்த வாசலில் நின்று திரும்பிய பெண்கள் ஏராளம். புதியவர்களைச் சேர்க்கும்போது நடக்கும் ராகிங்கில் உயிரே போயிருக்கிறது, வழக்குகள் நடந்திருக்கின்றன. அதே 2020இல், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு, வசதி படைத்த வெள்ளையர் சங்கங்களைக் கலைத்துவிடுங்கள் என்று அவற்றின் உறுப்பினர்களே வாண்டர்பில்ட் போன்ற பல்கலைக்கழகங்களில் கிளம்பினார்கள். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொஞ்சம் பின்னால் போகிறேன், 1935க்கு. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் அன்றைய தலைவர் ஐடா ஜாக்சன், கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பள்ளி ஆசிரியை. மிசிசிப்பி மாநிலத்து ஹோம்ஸ் கவுன்டியில் கிராம ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவர், பிள்ளைகளின் உடல்நிலையைப் பார்த்துவிட்டு, முதலில் மருத்துவம், பாடம் அப்புறம் என்று முடிவுகட்டினார். வாஷிங்டனில் இருந்து டாக்டர் டோரதி ஃபெரபீ தலைமையில் பெண்கள் கிளம்பினார்கள். ரயிலில் கறுப்பர்களுக்கு நடந்த அவமானத்தில் போக மனமில்லாமல் சொந்தக் கார்களிலேயே போனார்கள். போய்ச் சேர்ந்தால், பருத்தித் தோட்ட முதலாளிகள் வாரக்குடிகளை மருத்துவ முகாமுக்கு விடமாட்டேன் என்கிறார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மனு கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்போம். அவர்கள் மருந்துப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போனார்கள். தொண்டை அடைப்பான், பெரியம்மைக்குக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. இப்படி ஒவ்வொரு கோடையும், 1942 வரை. பிறகு போரால் பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்ததால்தான் நின்றது.

இதை ஏன் இப்போது இழுக்கிறேன்? 2020இல் வயது வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்குப் பார்த்தால், கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கொரோனாவில் செத்தார்கள். டிசம்பரில் தடுப்பூசி வந்தது. ஆனால் கறுப்பின முதியவர்கள் பலர் தயங்கினார்கள். படிப்பில்லாதவர்கள், வதந்தியை நம்புகிறவர்கள் என்று வெளியில் பேசினார்கள். அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுள்ள ஏழைக் கறுப்பின ஆண்களை, மருந்து வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. அந்த வயதுக்காரர்களுக்கு அது வதந்தி இல்லை, ஞாபகம்.

அவர்களிடம் அரசு விளம்பரம் எடுபடாது. சர்ச்சில் பத்து வருஷமாகப் பக்கத்தில் உட்காரும் ஒருத்தி, "நான் போட்டுக்கொண்டேன், கை இரண்டு நாள் வலித்தது, அவ்வளவுதான்" என்று சொன்னால் எடுபடும். 2021இல் பல ஊர்களில் இந்தச் சங்கங்களின் பட்டதாரிக் கிளைகள் சர்ச்சுகளோடும் சுகாதார மையங்களோடும் சேர்ந்து தடுப்பூசி முகாம் நடத்தின. முன்பதிவெல்லாம் இணையத்தில், எழுபது வயதுப் பெண்மணியிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டால் எங்கே போவாள்? எதிரில் உட்கார்ந்து பதிந்து கொடுக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் இருபது வயதுப் பெண்களும் வேண்டும், அறுபது வயதுப் பெண்களும் வேண்டும்.

மணி மூன்றாகிறது, உங்களில் பாதிப் பேருக்கு பஸ் இருக்கிறது என்றார்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள்.