ஐம்பதில் இரண்டு போக மிச்சம்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சாப்பாட்டு வாசனை வந்த பிறகும் எழுந்து போகாத சபையோரே, வணக்கம். ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

"பாடகனுக்குப் பெருமை ஒரே பாணியில் நிலைத்து நிற்பதா, பாணியை மாற்றிக்கொண்டே போவதா?" மாற்றிக்கொண்டே போவதுதான் என்று பேச வந்திருக்கிறேன். இரண்டு அணிக்கும் கொடுக்கப்பட்ட ஆள் அமெரிக்காவின் சூஃப்யான் ஸ்டீவன்ஸ். 1975இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். பெரிய இசை நிறுவனம் எதையும் நம்பாமல், தானே எழுதி, தானே பாடி, பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்திலிருந்து ஓபோ என்ற குழல் வாத்தியம் வரைக்கும் தானே வாசித்து, லேபிள் என்கிற சொந்த வெளியீட்டு நிறுவனத்தில் வெளியிடுகிறவர்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா என்ன சொன்னார்? "இவர் பாணியை மாற்றுகிறவர் இல்லை ஐயா, பொறுமை இல்லாதவர். பாயசம் வருவதற்குள் பந்தியிலிருந்து எழுந்து ஓடுகிறவர்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யார் யார் என்று குறித்தும் வைத்திருக்கிறேன்.

அக்கா பாதிக் கதைதான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன்.

2003. தான் பிறந்த மிச்சிகன் மாநிலத்தைப் பற்றி ஓர் ஆல்பம் போட்டார். நல்ல பெயர் வந்தது. மனுஷன் அதோடு சும்மா இருந்தாரா? "ஐம்பது மாநிலத்துக்கும் ஆளுக்கொரு ஆல்பம்" என்று அறிவித்துவிட்டார். ஐம்பது! ஒன்றிரண்டு குறைத்துக்கூடச் சொல்லவில்லை. 2005இல் அடுத்தது வந்தது, இலினாய்ஸ். மொத்தம் 22 பாட்டு. அதில் ஒரு பாட்டின் தலைப்பு மட்டும் 53 சொல். பாட்டு எவ்வளவு நேரம்? இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் வரிகளே கிடையாது! எல்லாவற்றையும் தலைப்பிலேயே சொல்லித் தீர்த்துவிட்டார், அப்புறம் பாடுவதற்கு என்ன இருக்கிறது? அட்டையில் சூப்பர்மேன் பறந்துகொண்டிருந்தார். உரிமைச் சிக்கல் வரும் என்று பயந்து, அவர் மேல் பலூன் ஸ்டிக்கரை ஒட்டி விற்றார்கள். ஊர் உலகத்தைக் காப்பாற்றுகிறவரைக் காப்புரிமை பலூனாக்கிவிட்டது நடுவர் அவர்களே!

சரி, இரண்டு மாநிலம் ஆயிற்று. மூன்றாவது எது? ரசிகர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாமும் கொஞ்சம் கணக்குப் போடுவோம். இரண்டு வருடத்துக்கு ஒரு மாநிலம். மிச்சம் 48. நாற்பத்தெட்டு இரண்டு தொண்ணூற்றாறு. 2005ஓடு கூட்டினால் 2101. கடைசி ஆல்பம் வரும்போது பாடகருக்கு வயது 126! அந்த வயதில் அவர் வயோமிங் பற்றி மேல் ஸ்தாயியில் பாட வேண்டும். அதைக் கேட்க முன்வரிசையில் யார் இருப்போம்? சிரிக்காதீர்கள் ஐயா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில் பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார், அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்று. கணக்குப் போட்ட நாம்தான் பாவம்.

இப்போது பாயசத்துக்கு வருகிறேன். அக்கா, இலினாய்ஸுக்கு எழுதி மிஞ்சிய பாட்டுகளை 2006இல் தனி ஆல்பமாகப் போட்டார். எத்தனை பாட்டு தெரியுமா? 21! மிச்சமே இன்னொரு பந்திக்குக் கண்டது. 2007இல் நியூயார்க்கின் ஒரு நெடுஞ்சாலையைப் பற்றி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதினார். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் நமக்கு வாயில் வருவது வேறு, அவருக்கு சிம்பொனி வந்தது. 2010இல் 'தி ஏஜ் ஆஃப் ஆட்ஸ்'. பாஞ்சோவை மூலையில் வைத்துவிட்டு, கணினி ஒலியும் இரைச்சலுமாக ஓர் ஆல்பம். பழைய ரசிகர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். கடைசிப் பாட்டு மட்டும் 25 நிமிடம். பந்தியிலிருந்து ஓடுகிறவர் 25 நிமிடம் ஒரே பாட்டில் உட்கார்ந்திருப்பாரா? எனக்குக் கொடுத்ததே அதில் ஐந்தில் ஒரு பங்கு...

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம் நடுவர் அவர்களே, அக்காவுக்கும் கொடுத்தீர்கள்.

அக்காவின் கணக்கில் இவர் பாடி முடித்தது இரண்டு மாநிலம். ஒன்று விட்டுப்போயிற்று. ஒரிகன்.

அவருடைய அம்மா பெயர் கேரி. மனநோயோடும் போதைப் பழக்கத்தோடும் போராடியவர். பிள்ளைக்கு ஒரு வயதாகும்போதே வீட்டை விட்டுப் போய்விட்டார். பிறகு லோவெல் என்பவரை மணந்து ஒரிகனில் இருந்தார். சிறுபிள்ளையாகச் சில கோடை விடுமுறைகளை அங்கே கழித்தார் சூஃப்யான். அம்மா என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அந்தக் கோடைகள்தான். அந்தக் கல்யாணமும் ஐந்து வருடத்தில் முடிந்தது. ஆனால் லோவெல் அந்தப் பிள்ளையை விடவில்லை. சொந்த லேபிள் என்றேனே, 1999இல் அதைச் சூஃப்யானோடு சேர்ந்து தொடங்கியவரே அவர்தான். ரத்த சம்பந்தம் உண்டா? இல்லை. சட்டப்படி உறவு உண்டா? அதுவும் முடிந்துபோயிற்று. ஆனாலும் கூட நின்றார்.

2012இல் கேரி வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் கழித்து, 2015இல் வந்தது 'கேரி அண்ட் லோவெல்'. டிரம்ஸ் இல்லை, ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. ஒரிகனில் ஓர் ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஐபோனில் பதிவு செய்த பகுதிகள்கூட அதில் உண்டு. விட்டுப்போன அம்மாவை முதல் பாட்டிலேயே மன்னித்துவிடுகிறார். திட்டிவிட்டு மன்னிக்கவில்லை. முதல் பாட்டிலேயே.

"பார்த்தீர்களா, மறுபடியும் பழைய கிட்டார் பாணிக்கே வந்துவிட்டார், எங்கள் அணி ஜெயித்தது" என்று அக்கா அடுத்த சுற்றில் சொல்வார். சொல்லட்டும். அந்தப் பாட்டைக் கேட்ட பிறகு இந்த இடத்தில் எனக்கு வாதாட வரவில்லை. மீதி 47 மாநிலத்தையும் எதிரணிக்கே விட்டுக்கொடுக்கிறேன். ஒரிகனை மட்டும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.