இலவச மருந்து வாங்குகிறவர் குறை சொல்லலாமா?

வணக்கம் நேயர்களே. பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

நான் டாக்டர் இல்லை. கோலாலம்பூரில் எச்.ஐ.வி. சிகிச்சைக்குப் போகும் நம்மவர்களுக்குத் துணையாகப் போகிற தன்னார்வலர். செந்தூல், சௌகிட், பத்துமலைப் பக்கமிருந்து வருவார்கள். மலாய் அரைகுறையாகத் தெரியும், ஆனால் டாக்டர் அறைக்குள் போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பவர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச உதவுவதுதான் என் வேலை.

"இங்கே கவனிப்பு எப்படி இருக்கு?" என்று அவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சும்மா குடுக்கிறாங்க, இதுல என்ன குறை சொல்றது?"

இந்தப் பதில் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

முதலில் ஒன்று, அந்த மருந்து சும்மா வந்துவிடவில்லை. 1996 வாக்கில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. எச்.ஐ.வி. வந்தவரும் நீண்ட நாள் வாழலாம் என்று தெரிந்தது. ஆனால் சாதாரணச் சம்பளக்காரர் கிட்டே போக முடியாத விலை. 2003-ல் மலேசிய அரசாங்கம் காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனத்தை விட்டு வேறிடத்தில் வாங்கலாம் என்று காப்புரிமைச் சட்டம் தனக்குக் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, மும்பையின் சிப்லா நிறுவனத்திலிருந்து மலிவான மருந்துகளை இறக்குமதி செய்ய அனுமதித்தது. 1992-ல் தொடங்கிய மலேசிய எய்ட்ஸ் மன்றம் போன்றவர்கள் சிகிச்சை எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்று சிகிச்சையில் முதலில் கொடுக்கும் முதல்நிலை மருந்துகள் அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு இலவசம். அதற்கான பணம் நம் வரிப்பணம். செந்தூலில் தேநீர் ஆற்றுகிறவரின் காசும் அதில் உண்டு. அதனால் யாரும் பிச்சை போடவில்லை, யாரும் வாய் மூடி வாங்கிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

சரி, நோயாளிக்குத் திருப்தியா என்று எப்படி அளக்கிறார்கள்? உலகம் முழுக்கப் புழங்குகிற கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. 18 கேள்விகள் கொண்டது. டாக்டர் அவசரப்படுகிறாரா, நான் சொல்வதைக் காதில் வாங்குகிறாரா, போதுமான நேரம் கொடுக்கிறாரா, செலவு கட்டுப்படியாகிறதா என்றெல்லாம் கேட்கும். நல்ல கேள்விகள்தான். ஆனால் அதை எங்கே, யார் முன்னால் நிரப்புகிறோம்? கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து, மருந்துக்கு நம்பர் வரக் காத்திருக்கும்போது, அங்கேயே வேலை செய்கிற மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தாளை நீட்டுகிறார். அடுத்த மாதமும் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும்! எல்லாவற்றுக்கும் 'நல்லது' என்று போட்டுவிட்டு வருவார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. கிளினிக்குக்கு வருகிறவர்தான் அந்தத் தாளை நிரப்புகிறார். மனம் கசந்து வராமல் போனவர் நிரப்புவதில்லை. எச்.ஐ.வி. நோயாளி பொதுவாகச் சண்டை போட மாட்டார், புகார் எழுத மாட்டார். சத்தமில்லாமல் காணாமல் போய்விடுவார். ஃபைலில் அவரை 'டிஃபால்ட்டர்', அதாவது சிகிச்சையைப் பாதியில் விட்டவர் என்று எழுதுவார்கள். மருந்து நின்றால் வைரஸ் சில வாரங்களிலேயே மறுபடி பெருகத் தொடங்கிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ அந்த மருந்துக்கே அது மசியாமல் போகலாம். கவனிப்பு பிடிக்காமல் போவதை வெறும் மனக்குறை என்று நான் நினைக்காததற்கு இதுதான் காரணம்.

ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றிச் சொல்கிறேன். கிள்ளான் துறைமுகத்திலிருந்து இரவில் சரக்கு ஏற்றிப் போகிறவர். அவருக்குக் கொடுத்திருந்தது எஃபாவிரென்ஸ் சேர்ந்த மாத்திரை. படுக்கும்போது சாப்பிட வேண்டும். தலை சுற்றும், விபரீதக் கனவுகள் வரும். அவர் படுப்பதே விடிந்த பிறகுதான். வண்டி ஓட்டுகிற இரவுகளில் மாத்திரையை விட்டுவிட்டார். டாக்டர் ஒவ்வொரு முறையும், "அடா மாக்கான் ஊபாட்?", மருந்து சாப்பிடுகிறீர்களா என்று மலாயில் கேட்பார். "அடா, டாக்டர்", சாப்பிடுகிறேன் என்பார் இவர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. டாக்டரும் கெட்டவர் இல்லை, வெளியே வரிசை நீண்டு கிடந்தது. என்ன வேலை செய்கிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று மருந்தாளர் ஒருவர் கேட்ட அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. மருந்தை மாற்றினார்கள். இப்போது டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். 2019-லிருந்து உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். நேரக் கெடுபிடி குறைவு.

அந்த மருந்தாளரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பல அரசாங்க மருத்துவமனைகளில் எம்.டி.ஏ.சி. என்று ஒரு சேவை இருக்கிறது. மருந்தாளரே தனியாக உட்கார்ந்து பேசி, மருந்து ஒழுங்காகப் போகிறதா, எங்கே தடுக்கிறது என்று பார்ப்பார். நம் ஆட்கள் டாக்டரிடம் சொல்லாததை அங்கே சொல்கிறார்கள்.

அப்புறம், மானம். ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், நெரிசலான கூடத்தில் நோயாளியின் முழுப்பெயரையும் அவர் வந்த காரணத்தையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். அதே கூடத்தில் அவருடைய பக்கத்துத் தாமான்காரர், பக்கத்துக் குடியிருப்பில் இருப்பவர், உட்கார்ந்திருந்தார். இன்னோர் அக்காவுக்கு இரத்தம் எடுக்க வந்தவர் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டினாராம். புருஷனிடமிருந்து நோய் வந்து, புருஷனையும் இழந்தவர் அவர். "மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது தம்பி, ஆனா அந்த ரெண்டாவது கையுறையை மறக்க முடியல" என்றார். தொட்டால் எச்.ஐ.வி. ஒட்டாது. மருத்துவம் படித்தவர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேதனை.

எனக்கு மிகவும் கோபம் வருவது இன்னொன்றில். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவின் வழியாக அது துணைக்குத் தொற்றாது. 2019-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 782 ஆண் ஜோடிகளைப் பார்த்தார்கள். சிகிச்சையில் வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆண் பெண் ஜோடிகளிடமும் இதே முடிவுதான். வாழ்க்கையையே திருப்பிப்போடும் செய்தி இது! ஆனால் வருஷக்கணக்காக மருந்து எடுக்கிறவர்களில் இதைக் கேள்விப்படாதவர்களை நான் பார்க்கிறேன். "ரிசல்ட் ஓகே" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஓகேக்கு என்ன பொருள் என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கல்யாணத்தை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள், நேயர்களே, அந்த ஐந்து நிமிடம் கிடைக்காததால்.

சிகிச்சையில் இருக்கிறவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்ட்டில் இவற்றைக் கேளுங்கள். என் வைரஸ் அளவு இப்போது எவ்வளவு? இந்த மருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லையா? ஒவ்வொரு முறையும் மருந்துக்காக இவ்வளவு தூரம் வர வேண்டுமா? கடைசிக் கேள்விக்கு வழி இருக்கிறது. எஸ்.பி.யு.பி. என்ற ஏற்பாட்டில் வீட்டுக்குப் பக்கத்து அரசாங்க மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு. உங்களுக்கு அது கிடைக்குமா என்று மருந்தகக் கவுண்டரில் விசாரியுங்கள். வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதினாலும் சரிதான், படித்துச் சொல்ல அங்கே யாராவது இருக்கக்கூடும்.

நன்றி, வணக்கம்.