ஓஹாயோ ஸ்டேட்டை அந்த வருஷம் தோற்கடிச்ச ஒரே மூளை! 33 சீசன் நகராம நின்ன அசிஸ்டன்ட் கோச் கதை

[திரை: நிரம்பி வழியுற ஓஹாயோ ஸ்டேடியம், இரவு வெளிச்சம்]

2014 செப்டம்பர் 6. அமெரிக்காவுல கொலம்பஸ் ஊரு. ஸ்டேடியத்துக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல ஜனம். ஓஹாயோ ஸ்டேட் அப்போ நாட்டுல 8வது இடத்துல இருக்கிற காலேஜ் டீம். எதிர்ல வந்திருக்கிற வர்ஜீனியா டெக் தரவரிசையிலேயே கிடையாது. மேட்ச் முடியறப்போ ஸ்கோர் 35-21. ஜெயிச்சது வர்ஜீனியா டெக்!

இதுல என்ன பெருசு? இதே ஓஹாயோ ஸ்டேட் நாலு மாசம் கழிச்சு, 2015 ஜனவரி 12ல, ஓரிகன் டீமை 42-20ன்னு அடிச்சு தேசிய சாம்பியன் ஆனாங்க. அந்த சீசன் முழுக்க அவங்க தோத்தது ஒரே ஒரு மேட்ச். இந்த மேட்ச்.

அந்த ராத்திரி வர்ஜீனியா டெக் டிஃபன்ஸை வடிவமைச்சவர் ஹெட் கோச் இல்ல. பட் ஃபாஸ்டர்னு ஒரு அசிஸ்டன்ட் கோச். அவரு அங்க அப்போ 28வது சீசன்ல இருந்தார். கடைசி வரைக்கும் அசிஸ்டன்ட்டாவே இருந்து, அசிஸ்டன்ட்டாவே ஓய்வு பெற்றார். ஏன்? எப்படி? வாங்க.

[திரை: மைதானத்தின் வரைபடம்]

முதல்ல ஒரு நிமிஷம் அடிப்படை. இது கால்பந்து இல்ல. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். பந்து யார்கிட்ட இருக்கோ அவங்க 11 பேரு ஆஃபன்ஸ், தடுக்கிற 11 பேரு டிஃபன்ஸ். நாலு முயற்சியில 10 கஜம் முன்னேறணும், இல்லன்னா பந்து கை மாறிடும். அவ்வளவுதான், இது போதும்.

இப்போ இந்தத் தொழிலோட ஏணி. கடைசிப் படியில கிராஜுவேட் அசிஸ்டன்ட். படிச்சுக்கிட்டே வேலை. எதிர் டீமோட பழைய மேட்ச் வீடியோவை ஒவ்வொரு ஆட்டமா நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எங்க நின்னான், பந்து எந்தப் பக்கம் போச்சுன்னு குறிச்சு வைக்கணும். விடிய விடிய இதான். அடுத்த படி பொசிஷன் கோச், அதாவது லைன்பேக்கருக்கு (தடுக்கிற முன்வரிசைக்குப் பின்னால நிக்கிறவங்க) ஒருத்தர், ரிசீவருக்கு (எறியற பந்தைப் பிடிக்க ஓடுறவங்க) ஒருத்தர். அதுக்கு மேல கோஆர்டினேட்டர். டிஃபன்ஸ் முழுக்க ஒருத்தர் கையில, ஆஃபன்ஸ் முழுக்க இன்னொருத்தர் கையில. உச்சியில ஹெட் கோச். சுமார் 85 ஸ்காலர்ஷிப் பசங்களைப் பார்த்துக்க, 2018க்கு முன்னாடி ஒன்பது அசிஸ்டன்ட் கோச்தான் வைக்கலாம். 2018ல அதைப் பத்தா உயர்த்தினாங்க.

ஆனா இந்த ஏணியில ஏறுறதைவிடக் கஷ்டம், அதுல நிக்கிறது. ஹெட் கோச்சை வேலையை விட்டு அனுப்பினா, அவர்கூட இருக்கிற அசிஸ்டன்ட்களும் பெரும்பாலும் பெட்டியைக் கட்டணும். நவம்பர் கடைசி, டிசம்பர் வந்தா இந்தத் தொழில்ல இருக்கிற வீடுகள்ல ஃபோன் அடிச்சாலே வயித்தைக் கலக்கும். பிள்ளைங்க மறுபடியும் புது ஸ்கூல், மனைவிக்குப் புது ஊரு. நல்லா செஞ்சாலும் ஊரு மாத்தணும், ஏன்னா வேற யாராவது பெரிய சம்பளம் கொடுத்துக் கூப்பிடுவாங்க. தோத்தாலும் மாத்தணும். ரெண்டு பக்கமும் இடி வாங்குற மத்தளம் மாதிரிப் பொழைப்பு.

அப்படிப்பட்ட தொழில்ல ஒருத்தர் 1987லருந்து 2019 வரைக்கும் ஒரே காலேஜ். 33 சீசன்!

[திரை: இலினாய், கென்டக்கி வரைபடம்]

சொந்தக் கதை சுருக்கமா. ஃபாஸ்டர் பிறந்தது கென்டக்கியில சோமர்செட். வளர்ந்தது இலினாய் மாநிலத்துல நோகோமிஸ்ங்கிற சின்ன ஊரு. கென்டக்கியிலயே மர்ரே ஸ்டேட் காலேஜ்ல விளையாடினார், 1981ல அங்கேயே கோச்சிங்ல நுழைஞ்சார். அந்த வருஷம்தான் ஃபிராங்க் பீமர் அங்க ஹெட் கோச் ஆனார். 1987ல பீமர், தான் படிச்ச வர்ஜீனியா டெக்குக்குப் போனப்போ ஃபாஸ்டரையும் கூட்டிட்டுப் போனார்.

போன இடத்துல உடனே பூமாலை விழல. 1992ல 2 வெற்றி, 8 தோல்வி, 1 டிரா. பீமரோட நாற்காலியே ஆடுச்சு. உதவியாளர் குழுவுல ஆட்கள் மாறினாங்க, ஃபாஸ்டர் தங்கினார். அடுத்த வருஷம், 1993ல, சீசன் முடிவுல நடக்கிற பவுல் மேட்ச்சுக்குத் தகுதி பெற்றாங்க. 2015 வரைக்கும் தொடர்ந்து 23 வருஷம் ஒரு வருஷம்கூட விடாம பவுல் மேட்ச் போனாங்க. அந்த நேரம் யாராவது பொறுமையா இருந்ததாலதான் இந்தக் கதையே நமக்குக் கிடைச்சிருக்கு.

[திரை: ஒரு பழைய தகர டப்பா, நெருக்கத்தில்]

இப்போ என் மனசுக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். இந்த டப்பாவை நல்லாப் பாருங்க.

1995. ஃபாஸ்டரும் ராட் ஷார்ப்லஸ்னு இன்னொருத்தரும் சேர்ந்து டிஃபன்ஸ் கோஆர்டினேட்டர் பொறுப்புக்கு வர்றாங்க. பசங்க மனசுல ஒரு அடையாளம் பதியணும்னு தேடுறாங்க. ஷார்ப்லஸோட மாமியாருக்கு நியூ ஜெர்சியில ஒரு பழைய தகர சாப்பாட்டு டப்பா கிடைக்குது. நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்த ஒரு தொழிலாளி சோறு கட்டிக்கிட்டுப் போன டப்பா. அடிபட்டுத் தேஞ்சு போனது. அதை அப்படியே கொண்டு வந்து டீமுக்கு நடுவுல வச்சாங்க.

வர்ஜீனியா டெக் இருக்கிற பிளாக்ஸ்பர்க், அப்பலாச்சிய மலைப்பக்கம். அந்த மாநிலத்தோட தென்மேற்கு மூலை முழுக்கச் சுரங்க ஊர்கள்தான். கேலரியில உக்காந்திருக்கிற எத்தனையோ பேருக்குத் தன் அப்பாவோ தாத்தாவோ இப்படி ஒரு டப்பாவைத் தூக்கிட்டுப் பூமிக்குள்ள இறங்கின ஞாபகம் இருக்கும். விளம்பரக் கம்பெனி உக்காந்து யோசிச்சிருந்தாகூட இவ்வளவு பொருத்தமா ஒரு பொருள் அமைஞ்சிருக்காது.

டப்பாவுக்குள்ள என்ன இருக்கும்? அந்த சீசனுக்கு டிஃபன்ஸ் வச்சிருக்கிற இலக்குகள், பசங்க கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. இன்னொண்ணு கேளுங்க: வெளியூர்ல போய் ஜெயிச்சா, அந்த மைதானத்துப் புல்லுல ஒரு துண்டை எடுத்து வந்து அதுக்குள்ள போடுவாங்க. அடுத்தவன் மண்ணுல ஜெயிச்சதுக்கு அத்தாட்சி, சோத்து டப்பாவுக்குள்ள! டப்பாவைத் தூக்கிட்டு மைதானத்துக்கு வர்ற உரிமை ஒரு வீரனுக்குக் கொடுக்கிற மரியாதை. தகர டப்பா தூக்கப் பசங்க போட்டி போட்டாங்கன்னா பார்த்துக்கோங்க.

அந்த 1995 சீசன் எப்படிப் போச்சு தெரியுமா? முதல் ரெண்டு மேட்ச்சும் தோல்வி. அதுக்கப்புறம் வரிசையா பத்து மேட்ச் வெற்றி. கடைசியில சுகர் பவுல்ல டெக்சாஸை 28-10ன்னு சாய்ச்சாங்க. டப்பா நிரந்தரமாயிடுச்சு. அவங்க டிஃபன்ஸுக்குப் பேரே 'லஞ்ச் பெயில் டிஃபன்ஸ்'னு நிலைச்சது, லஞ்ச் பெயில்னா சாப்பாட்டு டப்பா.

2007 ஏப்ரல் 16 அந்தக் காலேஜ் வளாகத்துல துப்பாக்கிச்சூடு நடந்து 32 பேர் உயிரிழந்தாங்க. அதுக்கப்புறம் வந்த சீசன்ல அந்த 32 பேரோட பேரையும் இந்த டப்பாவுக்குள்ள வச்சுத்தான் மைதானத்துக்குத் தூக்கிட்டு வந்தாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு என்னால வேற வேலை பார்க்க முடியல.

[திரை: 'கரடி' அணிவகுப்பு, புள்ளிகளாக]

சரி, கொலம்பஸுக்குத் திரும்புவோம். வீடியோவை ஆரம்பிச்சதே இதுக்காகத்தான்.

ஓஹாயோ ஸ்டேட்டோட முதல் குவார்ட்டர்பேக், அதாவது ஆஃபன்ஸை நடத்திப் பந்தை எறியற ஆளு, பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்ட்லயே தோள்பட்டை அடிபட்டு வெளியே. அவர் இடத்துல ஜே.டி. பாரட்னு ஒரு இளம் பையன், அவனுக்கு இது ரெண்டாவது மேட்ச். ஓஹாயோ ஸ்டேட்டோட பலமே நடுவுல மோதி ஓடுறது. முன்வரிசையில நிக்கிற அவங்க பெரிய ஆளுங்க ரெண்டு பேர் சேர்ந்து ஒருத்தனைத் தள்ளிட்டு, அதுல ஒருத்தன் விலகிப் பின்னால இருக்கிற லைன்பேக்கரையும் முட்டுவான். பாதை திறந்துடும்.

ஃபாஸ்டர் என்ன செஞ்சார்? 'பேர்'னு ஒரு பழைய அணிவகுப்பை எடுத்தார், கரடின்னு அர்த்தம். எதிரியோட முன்வரிசையில நடுவுல நிக்கிற மூணு பேருக்கும் நேர் எதிர்ல, மூக்குக்கு மூக்கு, மூணு தடியனுங்களை நிறுத்தினார். அவ்வளவுதான், யாராலயும் விலகிப் பின்னால போக முடியாது. ஒவ்வொருத்தனுக்கும் அவன் முன்னாடி ஒரு ஆளு. லைன்பேக்கர்கள் சுதந்திரமாப் பாய்ஞ்சாங்க.

ஆனா முன்னால அத்தனை பேரைக் குவிச்சா பின்னால ஆள் வேணுமே? வேணாம்னுட்டார்! ஓடுற ஒவ்வொரு ரிசீவரையும் ஒத்தைக்கு ஒத்தையாப் பிடிக்க ஒரு கார்னர், அவன் தவறினா பின்னால காப்பாத்த யாருமே இல்ல. வீட்டு முன்வாசலுக்கு ஊரையே காவல் போட்டுட்டு, கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட மாதிரி. ஒரு கார்னர் ஒரு அடி வழுக்கினா நேரா டச்டவுன், அதாவது பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி விழுந்துடும். இதை ஒரு லட்சம் பேர் கத்துற எதிரி மைதானத்துல செய்யறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்? 'நீ பந்தை எறிஞ்சு ஜெயிச்சுக்கோ, பார்ப்போம்'னு அந்தப் பையனுக்கு நேராச் சவால் விட்டார்.

பாரட் 29 தடவை எறிஞ்சதுல சேர்ந்தது 9. மூணு பந்தை எதிரி பிடிச்சுக்கிட்டான். ஏழு தடவை குவார்ட்டர்பேக்கைத் தரையில சாய்ச்சாங்க. கொல்லைப்புறம் திறந்திருந்ததுக்கு விலை இல்லாமலும் இல்ல, நீளமான அடி விழுந்துச்சு, ரெண்டாவது பாதியில 21-21ன்னு சமமாச்சு. அப்பவும் ஃபாஸ்டர் பின்வாங்கல. வர்ஜீனியா டெக் மறுபடி முன்னால போச்சு. கடைசி நிமிஷத்துல டோனவன் ரைலி ஒரு பந்தை இடைமறிச்சு 63 கஜம் ஓடி முடிச்சு வச்சார். நான் இதை மூணு தடவை பார்த்துட்டேன். நீங்க பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீங்க, அந்த நடு மூணு பேரை மட்டும் பாருங்க. பார்த்துட்டு என்ன தோணுச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க, நான் ஒவ்வொண்ணாப் படிப்பேன்.

அதே 2014 நவம்பர்ல நடந்தது இன்னும் கொடுமை. வேக் ஃபாரஸ்ட்டுக்கு எதிரா 60 நிமிஷம் முழுசா ஆடி, ஃபாஸ்டரோட டிஃபன்ஸ் ஒரு புள்ளிகூட விடல. பூஜ்யம்! ஆனா அவங்க ஆஃபன்ஸும் பூஜ்யம். கூடுதல் நேரத்துல 6-3ன்னு தோத்தாங்க. அசிஸ்டன்ட் கோச் வாழ்க்கையை ஒரே ஸ்கோர்ல சொல்லணும்னா எனக்கு இதுதான் ஞாபகம் வரும். தன் பங்கை முழுசா முடிச்சுட்டும், தன் கையில இல்லாத பாதியால தோக்கிறது.

[திரை: பிராய்ல்ஸ் விருது]

நாட்டுலயே சிறந்த அசிஸ்டன்ட் கோச்சுக்கு 1996லருந்து பிராய்ல்ஸ் விருதுன்னு ஒண்ணு கொடுக்கிறாங்க. 2006ல ஃபாஸ்டருக்குக் கிடைச்சது. அந்த சீசன்ல அவர் டிஃபன்ஸ் மேட்ச்சுக்குச் சராசரியா 11 புள்ளிதான் விட்டுச்சு, நாட்டுல முதலிடம். இந்த விருது வாங்கினவங்க பலபேர் அப்புறம் எங்க போனாங்க பாருங்க. 2009ல வாங்கின கிர்பி ஸ்மார்ட், ஜார்ஜியாவுல ஹெட் கோச் ஆகி ரெண்டு தேசியப் பட்டம். 2015ல வாங்கின லிங்கன் ரைலி, 33 வயசுல ஓக்லஹோமா ஹெட் கோச். 2016ல வாங்கின பிரென்ட் வெனபிள்ஸ், கிளெம்சன்ல அசிஸ்டன்ட்டாவே வருஷம் 25 லட்சம் டாலர் வரைக்கும் வாங்கிட்டு அப்புறம் ஓக்லஹோமா ஹெட் கோச். எல்லாருக்கும் கதவு திறந்துச்சு.

ஃபாஸ்டருக்கும் வேற இடங்கள்ல பேச்சு நடந்துச்சு. அமையல. 2015ல பீமர் ஓய்வு பெற்றப்போ, 'இனிமே இவர்தான்'னு நினைச்சவங்க நிறைய. காலேஜ் மெம்ஃபிஸ்லருந்து ஜஸ்டின் ஃபுவென்டேயைக் கொண்டு வந்துச்சு. எனக்கு அந்த இடத்துல கோபம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். ஆனா ஃபுவென்டே வரும்போதே ஃபாஸ்டரை விடாம வச்சுக்கிட்டார். ஃபாஸ்டரும், தன்னைவிட வயசுல ரொம்பச் சின்னவர் ஒருத்தருக்குக் கீழ, அதே டப்பாவோட, அதே வேலையைப் பார்க்க ஒத்துக்கிட்டார்.

அடுத்த வருஷமே, 2016 டிசம்பர்ல, ஷார்லட் ஊர்ல பெல்க் பவுல். ஆர்கன்சாவுக்கு எதிரா பாதி நேரத்துல 0-24ன்னு பின்னால. ரெண்டாவது பாதியில ஃபாஸ்டரோட பசங்க ஒரு புள்ளி விடல. முடிவு 35-24! மனசுல கசப்பை வச்சுக்கிட்டு வேலை பார்க்கிறவர் தயார் பண்ணின டிஃபன்ஸ் மாதிரியா இருக்கு இது?

அவர் கையில வளர்ந்தவங்கள்ல ரெண்டு பேர், ட்ரெமெய்ன் எட்மண்ட்ஸ், டெரெல் எட்மண்ட்ஸ். அண்ணன் தம்பி. 2018 என்எஃப்எல் டிராஃப்ட்ல, அதாவது தொழில்முறை லீக் டீம்கள் காலேஜ் பசங்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சியில, ரெண்டு பேரையும் முதல் சுற்றுலயே எடுத்தாங்க. ஒரே வருஷத்து முதல் சுற்றுல ரெண்டு சகோதரர்கள் போனது அதுதான் முதல் தடவை.

[திரை: 2019, லேன் ஸ்டேடியம்]

2019 ஆகஸ்ட்ல அறிவிச்சார், இந்த சீசனோட போதும்னு. நவம்பர்ல ஜார்ஜியா டெக்கை 45-0. அடுத்த வாரம் சொந்த மைதானத்துல அவரோட கடைசி மேட்ச், பிட்ஸ்பர்க்கை 28-0. தொடர்ந்து ரெண்டு மேட்ச், ஒரு புள்ளி விடல.

சினிமான்னா இங்க முடிச்சிருப்பாங்க. அதுக்கடுத்த மேட்ச்ல பரம எதிரி வர்ஜீனியாகிட்ட, அதே மாநிலத்து இன்னொரு காலேஜ், 39-30ன்னு தோல்வி. வர்ஜீனியா டெக் தொடர்ந்து 15 தடவை தோற்கடிச்சுக்கிட்டு இருந்த டீம்கிட்ட!

அப்புறம் டிசம்பர் 31. மறுபடியும் ஷார்லட், மறுபடியும் பெல்க் பவுல், மூணு வருஷம் முன்னாடி அந்த அதிசயம் நடந்த அதே ஸ்டேடியம். எதிர்ல யாரு தெரியுமா? கென்டக்கி. அவர் பிறந்த, கோச்சா முதல் நாள் வேலைக்குப் போன அந்த மாநிலத்தோட டீம். அவங்களுக்குக் குவார்ட்டர்பேக் எல்லாம் காயம், லின் பௌடன்னு ஒரு ரிசீவரைத்தான் அந்த இடத்துல ஆட வச்சிருந்தாங்க. அந்தப் பையன் 233 கஜம் ஓடினான். கடைசி 15 வினாடி இருக்கும்போது பந்தை எறிஞ்சு டச்டவுனும் போட்டான். கென்டக்கி 37, வர்ஜீனியா டெக் 30.

ஃபாஸ்டரோட இடத்துக்கு வந்தவர் ஜஸ்டின் ஹாமில்டன். அவரும் ஒரு காலத்துல அந்த டிஃபன்ஸ்ல ஆடின பையன்தான்.