துண்டு போட்ட இடம்

நண்பர்களே, வணக்கம்.

2004 செப்டம்பர் 18. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், ஆபர்ன் பல்கலைக்கழக மைதானம். கல்லூரி அணிகள் மோதும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். எதிரணி எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), முந்தைய சீசனின் பிசிஎஸ் சாம்பியன். தேசிய சாம்பியனைத் தீர்மானிக்க அப்போது இருந்த முறைதான் பிசிஎஸ். ஆட்டம் முடிய ஒன்றேகால் நிமிடம்கூட இல்லை. ஆபர்ன் டச்டவுன் (ஆறு புள்ளி) போட்டு 9-9 என்று சமன் செய்கிறது. அடுத்து கூடுதல் புள்ளிக்கான உதை. பந்து கம்பத்துக்கு வெளியே போய்விட்டது! ஆனால் எல்எஸ்யூ பக்கம் ஒரு விதிமீறல். மறுபடி உதைக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை உள்ளே போனது. 10-9.

ஒரு புள்ளியில் தப்பிய அந்த அணி அப்புறம் தோற்கவே இல்லை. டென்னசி, ஜார்ஜியா, பரம எதிரி அலபாமா என்று எல்லோரையும் வீழ்த்தி, தன் வட்டாரக் கல்லூரிகளின் லீகான எஸ்இசியின் பட்டத்தையும் வாங்கியது. 12 ஆட்டம், 12 வெற்றி. ஆனாலும் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்துக்கு அவர்களை அழைக்கவில்லை. அங்கே இருந்ததே இரண்டு இடம். யூஎஸ்சியும் (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஓக்லஹோமாவும் தோற்காமல் வந்திருந்தார்கள்.

இப்போது அதே வருஷம் ஆகஸ்ட் மாதத்துக்குப் போவோம். ஒரு பந்துகூட உதைபடாத நேரத்தில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட தரவரிசைப் பட்டியலில் யூஎஸ்சி 1, ஓக்லஹோமா 2, ஆபர்ன் 17. டிசம்பரிலும் முதல் இரண்டு பெயர் அவைதான். ஆபர்ன் மூன்றாம் இடம் வரைக்கும் ஏறி வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, சீசனுக்கு முந்தைய தரவரிசை அந்தத் துண்டுதான். அதைக் கணிப்பு என்று மட்டும் பார்ப்பவர்கள் 'சரியாச்சா, தப்பாச்சா' என்றே பேசுகிறார்கள். என் கவலை அது இல்லை. சொல்லப்போனால் கணிப்பு அவ்வளவு மோசமும் இல்லை. சாம்பியன்கள் பெரும்பாலும் ஆகஸ்டின் முதல் பத்துக்குள்ளிருந்துதான் வருகிறார்கள்.

வாக்களிப்பவர்கள் அறுபதுக்கு மேற்பட்ட பத்திரிகையாளர்கள். சனிக்கிழமை இரவு வரை ஆட்டம், ஞாயிறு காலைக்குள் 25 பெயர். அத்தனை ஆட்டத்தையும் யாரால் பார்க்க முடியும்? போன வாரப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, தோற்றவரை இறக்கி, ஜெயித்தவரை ஏற்றுவார்கள். மேலே இருப்பவர் தோற்காதவரை கீழே இருப்பவருக்கு வழி கிடையாது. 2004இல் இறுதி ஆட்டத்துக்கான கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் போட்ட இப்படிப்பட்ட வாக்குகள்தான்.

ஓக்லஹோமா அந்த இறுதி ஆட்டத்தில் 55-19 என்று நொறுங்கியது. முந்தின இரவு நியூ ஆர்லியன்ஸில் ஆபர்ன் தன் கடைசி ஆட்டத்தையும் 16-13 என்று ஜெயித்திருந்தது. 13-0. ஆபர்ன் போயிருந்தால் யூஎஸ்சியை வென்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆடிப் பார்க்க விட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு வருஷம் உழைத்த பையன்களுக்கு அந்த ஒரு ஆட்டம் கிடைக்காமல் போனது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்த டிசம்பரிலேயே அசோசியேட்டட் பிரஸ், இனி எங்கள் பட்டியலைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக 2005இல் வந்த ஹாரிஸ் வாக்கெடுப்பு, செப்டம்பர் கடைசியில்தான் முதல் பட்டியலையே போட்டது.

இன்று சாம்பியனைத் தீர்மானிக்க 12 அணிகள் பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) ஆடுகின்றன. தேர்வுக் குழுவும் நவம்பர் தொடக்கம் வரை வாய் திறப்பதில்லை. அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள்.

2024 ஆகஸ்ட், டப்ளின் நகரம். சீசனுக்கு முந்தைய பட்டியலில் பத்தாம் இடத்தில் இருந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை ஜார்ஜியா டெக் 24-21 என்று வென்றது. அடுத்த பட்டியலில் 25க்குள் வந்தும் விட்டது. ஃப்ளோரிடா ஸ்டேட் அந்த சீசனை முடித்தது எப்படித் தெரியுமா? 2 வெற்றி, 10 தோல்வி. அன்று வீழ்ந்தது உண்மையில் பத்தாம் இடத்து அணியே இல்லை. ஆனால் அந்த எண் வேலையைச் செய்துவிட்டது: ஒருவரின் வெற்றிக்கு எடை கூட்டியது. இப்படி அந்த எடை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவிக்கொண்டே போகிறது. முதல் நாலு அணிகளுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் இடத்துக்கு முட்டி மோதுகிறவர்களுக்குத்தான் அடி.

ஆகஸ்டில் ரசிகர்கள் பேசட்டும், சண்டை போடட்டும். அது இந்த விளையாட்டின் சுகம். வாக்குச்சீட்டை மட்டும் நாலு சனிக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு எடுங்கள். அதுவும் வெற்றுத்தாளாக எடுங்கள். நன்றி, வணக்கம்.